கலெக்டர் ஆர்டர் வந்த பிறகும் வீடு தூரம்தான்: தத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

2024-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு தத்து மையத்திலிருந்து மூன்றரை வயது மகளை நியூ ஜெர்சிக்கு அழைத்து வந்தோம். அன்றிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால், இந்த முறை எல்லோரையும் எழுதி அனுப்பச் சொன்னேன். நான் வக்கீல் இல்லை. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு என்ற ஒரே பாதையில் நடந்து வந்தவள், அவ்வளவுதான்.

அக்கா, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. தெரிந்த அனாதை இல்லத்தில் நேராகப் போய்க் கேட்கலாமா? (டல்லாஸ்)

கூடாது. பிடித்த குழந்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. வெளிநாட்டுக்குக் குழந்தைகளை அனுப்புவதில் நடந்த முறைகேடுகளைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் 1984-இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் காரா (CARA), அதாவது தத்தெடுப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் மைய அமைப்பு. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. இன்று எல்லாம் காராவின் இணையதளம் வழியாகத்தான்.

நீங்கள் முதலில் போக வேண்டியது, அமெரிக்காவில் காராவின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி ஒன்றுக்கு. ஹோம் ஸ்டடி செய்வது (உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் ஆராய்ந்து அறிக்கை எழுதுவது), காராவில் உங்களைப் பதிவது, பிறகு இரண்டு வருடம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பது எல்லாமே அவர்கள்தான். ஏஜென்சியிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: “கடந்த இரண்டு வருஷத்தில் இந்தியாவிலிருந்து எத்தனை குழந்தைகள் உங்கள் வழியாக வந்தார்கள்?” பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

எங்கள் இருவர் வயதும் சேர்த்து 92. கைக்குழந்தை கிடைக்குமா?

கிடைக்காது. இப்போதைய விதிப்படி இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-க்குள் இருக்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100, அதற்கு மேல் 110. உங்களுக்கு நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைதான். நாங்கள் பதியும்போது எங்கள் கூட்டுத்தொகை 89. என் கணவர் இன்னும் ஒரு வருடம் யோசித்திருந்தால் எங்கள் கதையே வேறு.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். மனைவியும் அப்படியே. இந்தியக் குடிமக்கள்தானே, எங்களுக்குச் சுலபம்தானே? (சியாட்டில்)

தம்பி, இந்தியப் பக்கம் சுலபம். காரா வரிசையில் என்ஆர்ஐகளுக்கு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இணையான இடம் உண்டு. இடிப்பது அமெரிக்கப் பக்கம். ஹேக் வழியில் குழந்தையை அழைத்துவர, தத்தெடுக்க உங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் ஐ-800ஏ, குறிப்பிட்ட குழந்தைக்கான ஐ-800 என்ற படிவங்கள் வேண்டும். அவற்றைப் போடத் தம்பதியில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் போதாது.

மற்றவர்களுக்கு இருக்கும் வழி நீளமானது. பதினாறு வயதுக்குள் தத்தெடுத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்க வேண்டும், இரண்டு வருடம் குழந்தையோடு சேர்ந்து வாழ்ந்திருக்கவும் வேண்டும். அப்போதுதான் உங்கள் “குழந்தை” என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஒப்புக்கொள்ளும். உங்கள் விசாவைச் சார்ந்து குழந்தைக்கு வாங்கும் ஹெச்-4-க்கும் இதே கதைதான். ஆக, உங்களில் ஒருவர் ஊருக்குப் போய்க் குழந்தையோடு இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று முதலில் பேசி முடிவெடுங்கள். முடியாது என்றால் குடியுரிமை வரும்வரை பொறுங்கள். தத்தெடுத்த பிறகு, குழந்தை அங்கே பாட்டியிடமும் நீங்கள் இங்கே வீடியோ காலிலும் இருக்கும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தங்கைக்கு மூன்றாவது பிள்ளை. எங்களுக்குத் தர அவளுக்குச் சம்மதம். ஊரில் சடங்கு செய்து, சுவீகாரப் பத்திரம் பதிந்து அழைத்து வந்துவிடலாமே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும்.

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அந்தப் பத்திரம் இந்தியாவில் செல்லும். விமான நிலையத்தில் செல்லாது. குழந்தையை வெளிநாடு கொண்டுபோக காராவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். சித்தி, பெரியம்மா, மாமா, அத்தை, தாத்தா பாட்டி போன்ற உறவினர் தத்தெடுக்க காராவில் தனி வழியே இருக்கிறது, அதனால் அது தாண்டக்கூடிய படிதான். பெரிய சுவர் அமெரிக்க விசாவில் இருக்கிறது. பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருந்து குழந்தையைக் கொடுத்தால், அவர்களால் அந்தக் குழந்தையைச் சரிவரப் பராமரிக்க இயலாது என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் தங்கை வீட்டுக்காரர் பாங்க் வேலையில் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதை வைத்து நிரூபிப்பது?

பத்திரம் பதிவதற்கு முன்பாக ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். பதிந்த பிறகு பார்த்தால் அவரால் உச்சுக்கொட்ட மட்டும்தான் முடியும்.

காரா வழியாக ஒரு குழந்தையோடு மேட்ச் ஆன பிறகு என்னென்ன நடக்கும்? வரிசையாகச் சொல்லுங்கள். (அட்லாண்டா)

குழந்தையின் போட்டோ, குழந்தையைப் பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் வரும். ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் ஐ-800 போடுவீர்கள். அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்ததும் விசா விண்ணப்பம், பிறகு, குழந்தை அமெரிக்கா வரலாம் என்று தில்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ஹேக் ஒப்பந்தப்படி தரும் ஆர்ட்டிகிள் 5 கடிதம். அதைப் பார்த்துத்தான் காரா என்ஓசி தரும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. அவசரப்பட்டு முன்கூட்டியே தத்து உத்தரவு வாங்கினால் விசா சிக்கிக்கொள்ளும்.

என்ஓசிக்குப் பிறகு மாவட்ட கலெக்டர் உத்தரவு. முன்பு இது கோர்ட்டில் நடந்தது, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரிடம். அதன் பிறகு ஹேக் ஒப்பந்தத்தின் 23-ஆவது பிரிவுப்படி, தத்து விதிப்படி நடந்தது என்று காரா தரும் கான்ஃபார்மிட்டி சர்டிபிகேட், உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்று, குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட், விசா மெடிக்கல், விசா.

கலெக்டர் ஆர்டர் வந்த அன்று நாங்கள் ஸ்வீட் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். வீட்டுக் கதவைத் திறக்க அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆனது. அதில் இரண்டு வாரத்தைத் தின்றது ஓர் எழுத்து. எனக்கும் என் கணவருக்கும் சர்நேம் கிடையாது, அப்பா பெயரின் இனிஷியல்தான். உத்தரவில் இனிஷியல் முன்னால், பிறப்புச் சான்றில் பின்னால், பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ விரித்து எழுதச் சொன்னார்கள். மூன்றும் மூன்று மனிதர்கள் போல இருந்தன. கவுன்டரில் இருந்தவர் மூன்று தாளையும் வரிசையாக வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு பெயராகத் தட்டி, “இதில் அப்பா யார்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் கணவரைக் காட்டினேன். கவுன்டர்காரர் சிரிக்கவில்லை.

ஆகவே தமிழர்களுக்கு என் முதல் அறிவுரை: ஹோம் ஸ்டடியில் எழுதும் முதல் நாளே உங்கள் பெயரையும் குழந்தைக்கு வரப்போகும் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து முடிவுசெய்து, எல்லோருக்கும் அதே தாளைக் கொடுங்கள். உத்தரவு தட்டச்சாகும் முன் வரைவைப் பார்க்க முடியுமா என்று மையத்திடம் கேளுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி எடுங்கள்.

இன்னொன்று: ஐ-800ஏ ஒப்புதல் நிரந்தரம் இல்லை. கைரேகை 15 மாதத்தில் காலாவதி. காத்திருப்பு நீண்டால் நீட்டிக்க மறக்காதீர்கள்.

மருத்துவ அறிக்கையில் ‘எடை குறைவு, வளர்ச்சி தாமதம்’ என்றிருக்கிறது. பயமாக இருக்கிறது.

எங்கள் மகளுக்கும் அதுதான் எழுதியிருந்தது. கூட்டத்தில் வளரும் குழந்தைகளுக்கு அது அடிக்கடி வருகிற வாசகம். அதற்காக அசட்டையாகவும் விடாதீர்கள். இந்த மாதிரி அறிக்கைகளைப் படித்துப் பழகிய குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். ஒற்றை எடையைப் பார்க்காமல், மாதாமாதம் எடுத்த எடையையும் தலைச் சுற்றளவையும் கேட்டு வாங்குங்கள். கோடு ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு சின்ன வீடியோவும் கேளுங்கள்.

கைவிடப்பட்ட குழந்தை என்றால் பிறந்த தேதியே டாக்டர் மதிப்பிட்டுப் போட்டதாக இருக்கலாம். பல் விழும் வயதில்தான் எங்களுக்குச் சந்தேகமே வந்தது.

வந்து சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் இங்கே முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள்: ரத்தசோகை, ஹெபடைடிஸ், எச்ஐவி, வயிற்றுப் பூச்சி, ஈயம், காசநோய். அங்கே காசநோய்த் தடுப்புக்கு பிசிஜி ஊசி போட்டிருப்பார்கள். கையில் குத்திப் பார்க்கும் காசநோய் டெஸ்ட் அதனால் குழப்பலாம், ரத்த டெஸ்ட்டாகக் கேளுங்கள்.

தமிழ்க் குழந்தைதான் வேண்டும் என்று கேட்கலாமா? மொழி தெரியாவிட்டால் எப்படிச் சமாளிப்பது? (சான் ஹோசே)

எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. வந்தவள் மராத்தி பேசினாள். எங்களிடம் அவள் சொன்ன முதல் சொல் “நகோ”, அதாவது வேண்டாம். பிஸ்கட் நகோ, பொம்மை நகோ, அப்பா நகோ.

முதல் ராத்திரி கெஸ்ட் ஹவுஸில் படுக்கையில் உட்கார்ந்து “ஆயி, ஆயி” என்று அழுதாள். நம் ஊர் வழக்கப்படி என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். உட்கார வைத்தார், எழுப்பினார், மறுபடி உட்கார வைத்தார். அவள் இன்னும் பலமாக அழுதாள். மராத்தியில் ஆயி என்றால் அம்மா என்று எனக்கு உறைக்கவே பத்து நிமிடம் ஆனது. அவள் கூப்பிட்டது என்னை இல்லை, மையத்தில் அவளைக் குளிப்பாட்டித் தூங்கவைத்த அந்தப் பெண்ணை.

அதனால் சொல்கிறேன், குழந்தை எந்த ஊரோ அந்த மொழியில் முப்பது சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். பசி, தண்ணீர், வலி, தூக்கம், வேண்டாம், பயப்படாதே, நான் இங்கேயே இருக்கிறேன். முடிந்தால் மையத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவர் பாடும் தாலாட்டை போனில் பதிந்துகொள்ளுங்கள். அவள் படுத்திருந்த விரிப்பைக் கேட்டு வாங்குங்கள், அதைத் துவைக்காதீர்கள். எங்கள் மாமியார் ஆசையாகத் துவைத்துப் போட்டுவிட்டார், அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்கவில்லை.

சாப்பாடு பற்றியும் ஒன்று. இட்லித் துண்டை டவுசர் பாக்கெட்டில் ஒளித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்ததும் திட்ட வாயெடுத்தேன், ஏஜென்சிப் பெண்மணி முன்பே எச்சரித்திருந்ததால் அடக்கிக்கொண்டேன். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பதற்கு எதையாவது வைத்தோம். ஏழெட்டு மாதத்தில் பாக்கெட் காலியாக இருக்க ஆரம்பித்தது.

எவ்வளவு செலவாகும்?

இந்தியப் பக்கம் காரா நிர்ணயித்த கட்டணம் 5,000 டாலர். அதற்கு மேல் ‘நன்கொடை’ என்று ரொக்கமாக யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மற்றபடி ஏஜென்சி, ஹோம் ஸ்டடி, படிவங்கள், பயணம் எல்லாம் இருக்கின்றன, ஏஜென்சிக்கு ஏஜென்சி வித்தியாசப்படும். அமெரிக்க வரியில் தத்தெடுப்புச் சலுகை உண்டு: 2025-க்கு ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை, அதில் 5,000 வரை வரியே இல்லாவிட்டாலும் திரும்பக் கிடைக்கும். வெளிநாட்டுத் தத்து என்றால் தத்து முடிந்த வருடத்திலிருந்துதான் கேட்க முடியும். ரசீதுகளைத் தொலைக்காதீர்கள்.

வந்த பிறகு சோஷியல் வொர்க்கர் வருவார்களாமே? எத்தனை முறை? (சிகாகோ)

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு அறிக்கைகள். வீடு பளிச்சென்று இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் பரண் வரை துடைத்தேன்.

நான் செய்த தப்பு வேறு. இரண்டாவது முறை அவர் வருவதை மகளிடம் சொல்லவில்லை. கதவு தட்டினதும் ஃபைலோடு ஒரு பெண். மகள் நேராக அறைக்குப் போய்த் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, துவைத்துப் பாழான அந்த விரிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. புறப்படத் தயாராக நின்றாள்.

முன்கூட்டியே சொல்லுங்கள். “ஒரு ஆன்ட்டி வருவாங்க, டீ குடிப்பாங்க, உன்னோட விளையாடுவாங்க, அவங்க மட்டும் போயிடுவாங்க. நீ இங்கேதான் இருப்பே.” நாலு தடவை சொல்லுங்கள். மூன்றாவது அறிக்கைக்கு அவர் வந்தபோது என் மகளே டீ கப்பை நீட்டி, “குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.

குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

தத்து இந்தியாவிலேயே முடிந்த குழந்தைக்குத் தரும் ஐஎச்-3 விசாவில், உங்களோடு வாழ வரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை அமெரிக்காவில் இறங்கியதுமே குடியுரிமை பெற்றுவிடும். சான்றிதழ் தபாலில் வரும், அதனால் விசாவில் கொடுத்த முகவரியிலேயே இருங்கள். விசாவோடு மூடிய உறை கொடுத்தால் பிரிக்காதீர்கள், இங்கே இறங்கும்போது அதிகாரிதான் பிரிக்க வேண்டும். குடியுரிமை வந்துவிட்டதால் இந்திய பாஸ்போர்ட்டை இனி பயன்படுத்தக் கூடாது. அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) போடுங்கள். ஊருக்கு டிக்கெட் எடுத்த பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள், முன்பே ஆரம்பியுங்கள்.