ஊட்டித் தேயிலையில் சாயமே இறங்கவில்லை, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: பள்ளித் தோழிகள் 12 பேர் வரும் ஞாயிறு மாலை என் வீட்டில் கூடுகிறோம். நல்ல டீ கொடுக்க வேண்டும் என்று, ஊட்டி போயிருந்தபோது வண்டி ஓட்டுநர் காட்டிய கடையில் கிலோ 1,200 ரூபாய் விலையில் தேயிலை வாங்கி வந்தேன். கூடவே ஒரு பாக்கெட் சாக்லேட் டீ. நேற்று ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று வழக்கம்போல் பாலில் கொதிக்க வைத்தால் நிறமே வரவில்லை. வெந்நீரில் பால் கலந்த மாதிரி இருக்கிறது. கலப்படமா? விருந்துக்கு எதை வாங்குவது, எவ்வளவு போடுவது? (திருச்சி வாசகி)

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. கலப்படத் தூளாக இருந்திருந்தால் போட்ட மாத்திரத்தில் செக்கச்செவேல் என்று சாயம் இறங்கியிருக்கும். உங்கள் கையில் இருப்பது அநேகமாக ஆர்த்தடாக்ஸ் என்கிற இலைத் தேயிலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, முறுக்கிக் காய வைப்பது அது. நாம் தினமும் வீட்டில் போடுவது சிடிசி. அதில் கொழுந்தைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குகிறார்கள். குருணையிலிருந்து சாயம் உடனே இறங்கும், பாலையும் தாங்கும். முறுக்கிய இலை நிதானமாகத்தான் இறங்கும், பால் பட்டால் அதன் மணம் அமுங்கிவிடும். ஆகவே பாலுக்கு சிடிசி, பால் இல்லாமல் குடிக்க இலை. இதை மட்டும் நினைவில் வையுங்கள், மற்ற ரகப் பெயர்களெல்லாம் உங்களுக்கு வேண்டாம். சிடிசியில் 'டஸ்ட்' என்று எழுதியிருந்தால் குப்பை என்று நினைக்காதீர்கள். அளவில் சிறிய குருணைக்கு அதுதான் பெயர். டீக்கடை பாய்லரில் கமகமக்கும் டீ பெரும்பாலும் டஸ்ட்தான்.

தேயிலையில் நீங்கள் ஏமாறவில்லை, விலையில் ஏமாந்திருக்கலாம். வண்டி நிற்கும் கடை எது என்பதைத் தேயிலை தீர்மானிப்பதில்லை, கமிஷன் தீர்மானிக்கிறது. முப்பது வருஷமாகக் குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பது என் தொழில். ஒருமுறை அப்படியொரு சுற்றுலாக் கடையில் உறவினர்களோடு போய் நின்றேன். விற்பவர் கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றி, "சார், இது முதல் பறிப்பு, எஸ்டேட் முதலாளி வீட்டுக்குப் போகிறது" என்று நீட்டினார். ஏலக்காய் எசென்ஸ் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் தேயிலைக்கென்று எந்த வாசனையும் இல்லை, மழைக்காலத்துச் சாதாரணத் தூள். சாக்லேட் டீ, ஸ்ட்ராபெரி டீ என்று விற்பதெல்லாம் இந்த வகைதான். வாசனை சேர்த்தது என்று பாக்கெட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கிற கடையில் அதை எங்கே எழுதுவது? அந்த சாக்லேட் டீயை விருந்தில் வைக்காதீர்கள், நல்ல தேயிலையோடு கலக்கவும் கலக்காதீர்கள்.

இனி எப்போது வாங்கினாலும் பாக்கெட்டாக வாங்குங்கள். அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், பாக்கெட் கட்டிய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இண்ட்கோ தேயிலையும் அரசு நிறுவனமான டான்டீயும் நியாயமான விலையில் கிடைக்கின்றன. டான்டீயே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியதுதான். இடையில் கை நீட்ட யாரும் இல்லாத தேயிலை கிடைக்கும்போது, வண்டி ஓட்டுநர் காட்டும் கடை எதற்கு?

மனசு கேட்காவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வடிதாள் இல்லையென்றால் வெள்ளை டிஷ்யூ தாள் போதும். தட்டில் விரித்து, பச்சைத் தண்ணீர் தெளித்து, அதன் மேல் அரை ஸ்பூன் தூளைத் தூவுங்கள். சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் உடனே மஞ்சளோ ஆரஞ்சோ திட்டுத் திட்டாகப் பரவும். டீக்கடைகளில் வடித்துப் போட்ட சக்கையை வாங்கிக் காய வைத்து, சாயம் ஏற்றி, மறுபடி விற்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் சரக்கு இந்தச் சோதனையில் தப்பாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தூவிய கையோடு பாருங்கள், போய் வேலை முடித்துவிட்டு வந்து பார்க்காதீர்கள். சுத்தமான தேயிலையும் ஈரத்தில் கிடந்தால் சில நிமிடங்களில் மெல்லிய பழுப்பு விடும், அது தேயிலையின் சொந்த நிறம். ஒரு அம்மா காலையில் தூவி மத்தியானம் எடுத்துப் பார்த்து, தாளெல்லாம் பழுப்பு என்று அழாத குறையாகப் பேசினார். நல்ல தேயிலையைக் குப்பையில் கொட்டியும்விட்டார். உடனே, பளிச்சென்று, மஞ்சளாக வந்தால் சாயம். மெதுவாக, மங்கலாக, பழுப்பாக வந்தால் தேயிலை. தூளில் காந்தத்தை விட்டு இரும்புத் துகள் ஒட்டுகிறதா என்று பார்க்கும் காந்தச் சோதனையும் அப்படித்தான். இயந்திர உருளைகள் தேய்ந்து கொஞ்சம் இரும்புத் தூள் சேர்வது சகஜம், அதற்குச் சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. காந்தத்தில் இரண்டு துகள் ஒட்டியதற்காகக் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், பாக்கெட்டில் கட்டிய தேதி இருக்கும், கொழுந்து பறித்த மாதம் இருக்காது. நீலகிரியில் டிசம்பர் முதல் மார்ச் வரை குளிரில் நின்று நிதானமாக வளரும் கொழுந்துக்குத்தான் மணம் அதிகம். பறித்த மாதத்தைப் பாக்கெட்டில் போடுங்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியாகிவிட்டது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இன்றைக்கும் எந்த ஊர்த் தூளையும் நீலகிரி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். அதைப் பறித்துக் கொடுக்கும் சிறு விவசாயி கட்டுப்படியாகும் விலை கேட்டு வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார். உங்கள் 1,200 ரூபாயில் அவர் கைக்குப் போனது எவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வந்தவுடன் பால் டீ, பேசி முடித்துக் கிளம்பும் முன் இலை டீ. இரண்டு சுற்றும் வேறு வேறு.

உங்களையும் சேர்த்து 13 பேர், ஆளுக்கு 150 மில்லி என்றால் தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, பாலும் அதே அளவு. கொதிப்பில் சற்று வற்றும், கணக்குச் சரியாகிவிடும். சிடிசி தூள் 30 முதல் 35 கிராம், கைக்கணக்கில் ஆளுக்கு ஒரு தலை தட்டிய டீஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு மூன்று நிமிடம், அதற்கு மேல் துவர்ப்பு ஏறும். வடித்த பிறகு, தனியாகக் காய்ச்சிய பாலில் கலந்து ஆற்றுங்கள். இஞ்சி போடுவதாக இருந்தால் தட்டித் தண்ணீரில் போட்டு முதலில் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது, கொதித்தால் அது செத்துவிடும். வெல்லம் என்றால் அடுப்பை அணைத்த பிறகு. சர்க்கரையைத் தனியாக வையுங்கள், வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். பாலையும் டிகாக்‌ஷனையும் கலந்து ஃப்ளாஸ்கில் ஊற்றி வைக்காதீர்கள், அரை மணியில் நிறமும் ருசியும் போய்விடும். தனித்தனி ஃப்ளாஸ்கில் வைத்து ஊற்றும்போது கலக்கலாம். தின்ன பஜ்ஜி, வடை உங்கள் விருப்பம். ஊட்டி வர்க்கி மிச்சமிருந்தால் டீயில் தொட்டுச் சாப்பிட அதற்கு ஈடில்லை.

இரண்டாம் சுற்றுக்கு நீங்கள் வாங்கி வந்த அந்த இலையையே எடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். 25 முதல் 30 கிராம் இலையைப் போட்டு மூடி, நான்கு நிமிடம் கழித்து வடியுங்கள். வெள்ளைக் கோப்பையில் ஊற்றினால் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு வளையம் தெரியும். நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வடிகட்டியில் தங்கிய இலையையும் கொட்டிவிடாமல் ஒரு தட்டில் பரப்பித் தோழிகளிடம் காட்டுங்கள். முறுக்கு அவிழ்ந்து செம்பு நிறத்தில் விரிந்திருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் பூவாசனை வரும்.

வளையமும் இல்லை, வாசனையும் இல்லை என்றால் அது பழைய சரக்கு. அதை ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டு, ஞாயிறு இரண்டு சுற்றுக்கும் சிடிசியையே போடுங்கள். நன்றாக இருந்தால், மிச்சத்தைக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மசாலா அலமாரிக்குத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் சாம்பார்ப்பொடி இருந்தால் ஒரு வாரத்தில் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும்.