பி0299 வந்தால் டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் டீசல் காருக்கு ஏழு வயது. மேடு ஏறும்போதும் வண்டிகளை முந்தும்போதும் எவ்வளவு மிதித்தாலும் இழுப்பதில்லை. இன்ஜின் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டி, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் அதே கதை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, 'பி0299 வருகிறது, டர்போ போய்விட்டது' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பி0299 ஒரு பிழைக் குறியீடு (எரர் கோடு), எந்தப் பாகத்தின் பெயரும் அல்ல. டர்போவின் வேலை இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது. 'நான் கேட்ட காற்றழுத்தம் வந்து சேரவில்லை' என்று இன்ஜினின் கம்ப்யூட்டர் சொல்லும் புகார், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றதும் யாராவது நேராகப் போய்ப் புது மோட்டார் வாங்குவார்களா?

அணைத்துப் போட்டால் சரியாவதற்குக் காரணம் லிம்ப் மோடு. அழுத்தம் குறைந்ததைக் கண்டதும் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்து வண்டியை மெதுவாக ஓடவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்ததும் புதிதாக முயல்கிறது. மேட்டில் தோற்று மறுபடி அடங்கிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் ஹோஸ்கள். டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் காற்று இவற்றின் வழியாகத்தான் போகிறது. என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு வேறோர் இடத்தில் புது டர்போவே மாட்டியிருந்தார்கள். குறை மட்டும் அப்படியே இருந்தது. ஹோஸை மேலே பார்த்தால் பழுதில்லை. அடியில் கையை விட்டு வளைத்துப் பார்த்தபோது கிளிப்பை ஒட்டி இரண்டு விரல் நீளத்துக்குக் கீறல் வாய் பிளந்தது. அதைச் சுற்றி எண்ணெயில் ஒட்டிய கறுப்புப் புழுதி. வண்டி நின்றபடி ஐடிலிங்கில் ஓடும்போது இந்தக் கீறல் மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். வண்டியை நிறுத்தி வைத்து எட்டிப் பார்த்துவிட்டு 'ஹோஸெல்லாம் நல்லா இருக்கு' என்பவரை நம்பாதீர்கள். காற்றை அடைத்து அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய். பென்சில் பருமன்கூட இருக்காது. வெப்பத்தில் காய்ந்து வெடித்தால் டர்போவுக்குக் கட்டளை போய்ச் சேராது. அந்த வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு என்ற மின் வால்வையும், புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும், சில நேரம் திறந்தபடி சிக்கிக்கொள்ளும் இஜிஆர் வால்வையும், ஏர் ஃபில்டரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. காரணம் தெரியும் முன் எரர் கோடை அழிக்க விடாதீர்கள். எரர் கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று), வேகம், இன்ஜின் மீதான லோடு என்ன என்பதையும் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். எரர் கோடை அழித்தால் அதுவும் போய்விடும். 'அழிச்சுப் பார்ப்போம் சார், வந்தா டர்போதான்' என்பது சோதனையே அல்ல. கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரிடம் டர்போவைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மணி நேரம் தேடி ஒரு சின்னக் குழாயைக் கண்டுபிடித்தால் கூலி கொடுக்க வாடிக்கையாளருக்கு மனசு வராது. பெரிய பாகத்தை மாற்றினால் கேள்வி கேட்காமல் பில்லைக் கட்டிவிடுகிறார். வண்டிக்கு வண்டி மாறும் சோதனை அளவுகளையோ தயாரிப்பாளர்கள் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு எளிதில் தருவதில்லை. பிறகு எல்லாரும் குத்துமதிப்பாகத்தான் பாகம் மாற்றுவார்கள்.

சரி, டர்போ உண்மையிலேயே போயிருந்தால்? மிதிக்கும்போது சைரன் மாதிரி ஊளை கேட்கலாம். பின்னால் நீலப் புகை வரலாம். எண்ணெய் மட்டம் குறையலாம். உள்ளே வரும் காற்றுக் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறியபின் டர்போவின் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு அசைந்தால் பயப்பட வேண்டாம், அது பல டர்போக்களில் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை நுனி உறையில் உரசிய தடம் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதைத் தொட்டுக் காட்டி 'பாருங்க, ஆயில் தள்ளுது' என்று ஒருவர் பயமுறுத்துவார். இன்ஜினின் எண்ணெய் கலந்த ஆவி அந்த வழியாகத்தான் திரும்புகிறது. நல்ல டர்போ உள்ள வண்டியிலும் அந்தப் படலம் இருக்கும். கவிழ்த்தால் எண்ணெய் ஊற்றுகிறதா? அப்போது கவலைப்படுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அது அடைத்திருந்ததால்தான் பழையது செத்திருக்கும் என்றால், புதியதும் அதே வழியில் போகும். 'ரீகண்டிஷன் பண்ணித் தர்றேன்' என்று இடையில் வருபவரிடம், உள்ளே எந்தெந்தப் பாகம் புதிது, சுழலும் பாகத்தை பேலன்ஸ் செய்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள். வெளியே கழுவி பெயின்ட் மட்டும் அடித்த ஆள் அந்தக் கேள்வியிலேயே பேச்சை மாற்றிவிடுவார்.