வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களின் குத்து வலிமையையும் தாங்கும் உரத்தையும் ஒப்பிட முடியுமா?

ஐம்பதுகளின் ஹெவிவெயிட் (மிகுஎடைப் பிரிவு) சாம்பியன் ராக்கி மார்சியானோ, எண்பதுகளின் சாம்பியன் மைக் டைசனின் குத்தைத் தாங்கியிருப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நாக் அவுட் (எதிராளியை வீழ்த்தி ஆட்டத்தை முடிப்பது) விழுக்காட்டை வைத்து இதற்குப் பதில் சொல்வது வீண் வேலை. வீழ்ந்தவர்கள் எத்தகையவர்கள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. இரண்டு தலைமுறைகளோடும் மோதிய ஒருவரைப் பிடித்துக்கொள்வதே ஓரளவு நம்பத்தக்க வழி.

ஜார்ஜ் ஃபோர்மன் அப்படிப்பட்டவர். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் தள்ளிய அவர், 1994இல், 45 வயதில், 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் சாய்த்தார். அதுவரை மூரரின் கையே ஓங்கியிருந்தது. ஃபோர்மனின் கால்கள் மந்தமாகியிருந்தன, ஆனால் வலக்கையின் கனம் மட்டும் குறையவில்லை. ஆகவே, எழுபதுகளின் குத்து பிற்காலத்தில் எடுபடாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

தாங்கும் உரம் அவ்வாறன்று. 1979இல் எர்னி ஷேவர்ஸ் ஏழாவது சுற்றில் விட்ட வலக்கைக் குத்தில் விழுந்த லாரி ஹோம்ஸ், எழுந்து நின்று பதினொன்றாவது சுற்றில் வென்றார். அதே ஹோம்ஸ் 1988இல் டைசனிடம் நான்கே சுற்றுகளில் தோற்றார். டைசனின் குத்தே பெரிது என்று இதைக் காட்டி வாதிடுவோர், ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது என்பதையும், அதற்கு முன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் மேடையேறவில்லை என்பதையும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இங்கே கோலாலம்பூரில், 1975இல் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியோடு 15 சுற்றுகள் நின்ற ஜோ பக்னரைப் பெரியவர்கள் இன்றும் இரும்பு மனிதர் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அலி ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பவர் அல்லர், பக்னரும் அன்று பெரும்பாலும் தற்காத்தே ஆடினார். அவருடைய உரத்துக்குச் சான்று வேண்டுமானால், 1973இல் லண்டனில் ஃப்ரேசியரின் இடக்கைக் கொக்கிக் குத்தில் பத்தாவது சுற்றில் விழுந்தும், எழுந்து பன்னிரண்டு சுற்றுகளையும் முடித்ததைச் சொல்லலாம்.

இனி மார்சியானோ. 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டும் 1955இல் ஆர்ச்சி மூரும் அவரை ஒவ்வொரு முறை வீழ்த்தினார்கள். இரு முறையும் எழுந்து நாக் அவுட்டில் வென்றார். ஆயினும் அவ்விருவரும் 90 கிலோவை எட்டாதவர்கள், மார்சியானோவோ சுமார் 85 கிலோ. டைசன் தம் உச்சக் காலத்தில் ஏறத்தாழ 100 கிலோ எடையோடு, அவர்களைவிட மிக வேகமாகக் கை வீசியவர். முதல் நான்கு சுற்றுகளை மார்சியானோ கடந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. கடந்திருந்தால், பிறகு டைசனுக்குத்தான் சிக்கல்.