ஸ்லீவா, பைபாஸா? வயிறு, குடல் ஆபரேஷன் பற்றிய கேள்விகள்

என் எடை 118 கிலோ. எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு ஒரு டாக்டர் ஸ்லீவ் போதும் என்கிறார், இன்னொருவர் பைபாஸ்தான் என்கிறார். எதைச் செய்துகொள்வது?

உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? இதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அதற்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறோம். பின்லாந்தில் 240 பேருக்கு இந்த இரண்டில் ஒன்றைச் செய்து 10 வருடம் கவனித்தார்கள். உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு இருந்தது, பைபாஸில் 7 சதவீதம்தான். அதிகப்படி எடையில் ஸ்லீவில் 43.5 சதவீதமும் பைபாஸில் 50.7 சதவீதமும் குறைந்திருந்தது.

அதற்காக எல்லோருக்கும் பைபாஸ் என்று சொல்லமாட்டேன். அதில் சத்துக்குறைவு வராமல் இருக்க ஆயுளுக்கும் வைட்டமின் மாத்திரை வேண்டும். மூட்டுவலி மாத்திரையும் சிகரெட்டும் குடல் இணைப்பில் புண் உண்டாக்கும். முதலில் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள். நெஞ்செரிச்சல் தொல்லை இருக்கிறவருக்கு நான் ஸ்லீவ் செய்வதில்லை.

பெருங்குடல் புற்றுநோயை லேப்ராஸ்கோப்பியில் முழுசாக எடுக்க முடியுமா?

முடியும். சிறு துளை வழியாக எடுத்தால் புற்று பரவிவிடுமோ என்ற பயம் ஒரு காலத்தில் எங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் 872 பேரிடம் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. வயிற்றைத் திறந்து செய்தாலும் லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் நோய் திரும்பி வந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். கட்டி பக்கத்து உறுப்பில் ஒட்டியிருந்தாலோ, குடல் அடைத்து உப்பியிருந்தாலோ வயிற்றைத் திறப்பதே பத்திரம்.

அப்பாவுக்கு இரைப்பையை முழுவதும் எடுத்தார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வியர்வை, படபடப்பு. ஆபரேஷனில் தவறா?

இல்லை. தங்க இடமில்லாமல் சாப்பாடு நேராகச் சிறுகுடலில் போய்க் கொட்டுகிறது. ஒரு நாள் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஜூஸ், சர்க்கரை போட்ட கஞ்சி வேண்டாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு தராமல் அரை மணி கழித்துத் தாருங்கள்.

அப்புறம், பி12 ஊசி. இரைப்பை இல்லாவிட்டால் அந்த வைட்டமின் சாப்பாட்டிலிருந்து சரியாக உடம்பில் சேராது. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும், அதனால்தான் பலர் ஊசியை மறந்துவிடுகிறார்கள். கால் மரத்துப்போய் நடை தள்ளாடும்போது தேடி வருகிறார்கள். நரம்பு கெட்டபின் முழுதாகத் திரும்புவது நிச்சயமில்லை. ஆயுள் முழுக்க விடாதீர்கள்.

அம்மாவுக்கு மலக்குடல் புற்று ஆபரேஷன். மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக வைத்த பையை எடுத்துத் துளையை மூடிய பிறகு, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மலம் போகிறார். பையே இருந்திருக்கலாமோ என்று அழுகிறார்.

இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆசனவாயைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்துவிடுகிறோம். மலத்தைத் தேக்கிவைக்கும் பகுதி போய்விட்டதை விளக்குவதில்லை. இணைப்பு ஆசனவாய்க்கு நெருக்கமாக இருந்தாலோ, கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ தொல்லை கூடும். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மலப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபராமைடு மாத்திரை, இடுப்புத்தளப் பயிற்சி, ஆசனவாய் வழியே தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை என்று வழிகள் இருக்கின்றன. எதுவும் பலிக்காவிட்டால் நிரந்தரப் பையும் ஒரு நல்ல தீர்வுதான், அதைத் தோல்வி என்று நினைக்கவேண்டாம்.

வெட்கத்தில் அவர் டாக்டரிடம் பாதிதான் சொல்லியிருப்பார். எத்தனை முறை போகிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அந்த நோட்டோடு அழைத்துப் போங்கள்.