புது டிரான்ஸீவர் கைக்கு வந்த பிறகு: கேள்வி பதில்

கொங்கு வட்டாரத்தில் அண்மையில் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்று, பேசவும் கேட்கவும் உதவும் புதிய செட் வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடோ இணைக்காமல் எந்தச் செட்டிலும் பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தாதீர்கள். வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து இறுதிநிலை டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும்.

பெருந்துறை: மேடம், பாவ்ஃபெங் யுவி-5ஆர் என்ற கைச்செட் (ஹேண்டி) வாங்கியிருக்கிறேன். மலை மேலிருக்கும் ரிப்பீட்டரில் பிறர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நான் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை. செட் பழுதா?

செட் பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் குரலை வாங்கி மறுபடி பரப்பும் நிலையமான ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் பேசுகிறது, வேறோர் அலைவரிசையில் கேட்கிறது. நம் நாட்டின் 2 மீட்டர் பட்டையில் இரண்டுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும். நாம் கீழே அனுப்ப வேண்டும். எடுத்துக்காட்டாக, 145.650 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரிப்பீட்டரைக் கேட்கிறீர்கள் என்றால், நீங்கள் அனுப்ப வேண்டியது 145.050. இதோடு, காதுக்குப் பிடிபடாத ஒரு தாழ்ந்த தொனியை, அதாவது சிடிசிஎஸ்எஸ் டோனை, உங்கள் குரலோடு சேர்த்து அனுப்பினால்தான் பல ரிப்பீட்டர்கள் கதவைத் திறக்கும். அந்த டோன் எவ்வளவு என்பதை ரிப்பீட்டரைப் பராமரிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செட்டைக் கையில் எடுங்கள். அலைவரிசையை நேரடியாகத் தட்டும் விஎஃப்ஓ நிலைக்கு மாறி, மேல்வரியைத் தேர்ந்தெடுத்து, மெனு 7-இல் இரட்டைக் கேட்பை அணைத்துவிடுங்கள். கேட்கும் அலைவரிசையை எண்பலகையில் தட்டுங்கள். மெனு 25-இல் கழித்தல் குறியையும், மெனு 26-இல் 00.600 என்பதையும், மெனு 13-இல் டோனையும் வையுங்கள். பதிவு செய்யப்போகும் சேனலில் பழையது ஏதேனும் இருந்தால் மெனு 28-இல் அழித்துவிட்டு, மெனு 27-இல் பதியுங்கள். பெரும்பாலானவர்கள் இத்துடன் முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். ஆனால் இதுவரை பதிவானது கேட்கும் அலைவரிசை மட்டுமே. நட்சத்திரப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திரையில் அனுப்பும் அலைவரிசை தோன்றும். அந்த நிலையிலேயே மெனு 27-க்குத் திரும்பப் போய், அதே சேனல் எண்ணில் இரண்டாம் முறை பதிய வேண்டும். உங்கள் செட்டில் விடுபட்டது அநேகமாக இந்த இரண்டாம் பதிவுதான்.

திருப்பூர்: கணினியிலிருந்து செட்டுக்குச் சேனல் ஏற்றும் சிர்ப் மென்பொருளில் சேனல்களை நிரப்பி வைத்திருக்கிறேன். கேபிளைச் செருகினால் கணினி அடையாளம் காணவே இல்லை.

மலிவான கேபிள்கள் பலவற்றில் ப்ரோலிஃபிக் சிப்பின் போலி இருக்கும். புதிய டிரைவர் அதை ஏற்றுக்கொள்ளாது. பழைய டிரைவருக்கு மாறுங்கள், அல்லது எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளை வாங்குங்கள். கணினி அடையாளம் கண்ட பிறகும் பிழை வந்தால், செட்டின் பக்கவாட்டுத் துளையில் பிளக் முழுமையாக இறங்காமல் இருக்கலாம், அழுத்திச் செருகுங்கள்.

எழுதுவதற்கு முன், செட்டில் இருப்பதை முதலில் கணினிக்கு இறக்கி, அந்தக் கோப்பைத் தனியே சேமியுங்கள். எது கெட்டாலும் மீள அந்தக் கோப்பு உதவும். டோன் பகுதியில் வெறும் ‘டோன்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘டிஎஸ்க்யூஎல்’ என்று வைத்தால், ரிப்பீட்டர் தன் பக்கம் டோன் அனுப்பாதபோது உங்களுக்கு எதுவுமே கேட்காது.

கரூர்: தேர்வு எழுதவில்லை. நண்பரின் செட்டில் சும்மா ஒருமுறை பேசிப் பார்க்கலாமா?

கூடாது. கேட்டுப் பழகுங்கள், விண்ணப்ப விவரங்கள் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் இருக்கின்றன.

பல்லடம்: ஐகாம் ஐசி-7300 என்ற மேசைச் செட் வாங்கினேன். 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பட்டையில் ஒரே இரைச்சல். சுற்றிலும் விசைத்தறிகள். செட்டை விற்றுவிடலாமா என்று தோன்றுகிறது.

விற்க வேண்டாம். முதலில் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் அது வெளியிலிருந்து ஆன்டெனா வழியாக வருகிறது. விழாவிட்டால் உங்கள் பவர் சப்ளையையும் மேசையில் இருக்கும் பிற சார்ஜர்களையும் சந்தேகியுங்கள். அடுத்து, செட்டை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை, விசைத்தறியின் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் பெரிய குற்றவாளி அல்ல. மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்கள், எல்இடி குழல்விளக்குகள், கூரைமேல் சோலார் இன்வெர்ட்டர்கள் ஆகியவைதான் பட்டை முழுவதும் இரைச்சலைப் பரப்புகின்றன. தறிகள் ஓடாத நாளிலும், சூரியன் இறங்கிய பிறகும் கேட்டு ஒப்பிட்டால் எது காரணம் என்பது தெரிந்துவிடும். பிறகு ஒரு சிறிய ஏஎம் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் இடத்தையே பிடிக்கலாம்.

செட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. 40 மீட்டரில் ப்ரீஆம்ப் (சிக்னல் பெருக்கி) தேவையே இல்லை, அணையுங்கள். திரையில் ஓவிஎஃப் என்று ஒளிர்ந்தால் உள்ளே வரும் சிக்னல்கள் அளவுக்கு மீறியவை; சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போடுங்கள், அல்லது ஆர்எஃப் கெயினைக் குறையுங்கள். நாய்ஸ் பிளாங்கர் பட்பட்டென்று வெடிக்கும் துடிப்பிரைச்சலுக்கு உரியது. நாய்ஸ் ரிடக்‌ஷன் சீரான ‘உஸ்’ என்ற ஒலிக்கு உரியது. இரண்டையும் ஒருசேர முழு அளவில் வைத்தால் பேசுபவரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

நாமக்கல்: லாரியில் மொபைல் செட் பொருத்தலாமா? இரண்டு பேட்டரி இருக்கிறது.

கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக ஓட்டுகிறார்கள். உங்கள் செட்டுக்கு வேண்டியது 13.8 வோல்ட், நேராகக் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுப்பதும் தவறு. அது மட்டும் தேய, ஆல்டர்னேட்டர் மற்றொன்றை மிகையாகச் சார்ஜ் செய்ய, இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 13.8 ஆக்கும் கன்வெர்ட்டரைத் தக்க ஃப்யூஸுடன் பொருத்துங்கள். அங்கும் ஆன்டெனாவை மாட்டும் முன் பிடிடி வேண்டாம்.

கோபிசெட்டிபாளையம்: அம்மணி, பெருந்துறைக்காரருக்கு மெனு மெனுவாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். இந்தக் காலத்தில் எதற்கு அது? செட்டில் 128 சேனல்கள். கையால் தட்டினால் பிழை வரும். எல்லோருக்கும் ஒரே கோப்பைக் கொடுத்துவிட்டால், ஆபத்துக் காலத்தில் ‘ஏழாம் சேனலுக்கு வா’ என்றால் போதுமே.

ஐயா, ஒரே கோப்பு என்ற யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ரிப்பீட்டரே விழுந்துவிட்டால்? வேறொரு குன்றில் தற்காலிகமாக ஒன்றை வேறு அலைவரிசையில் நிறுத்துவார்கள். அது உங்கள் கோப்பில் இருக்காது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்ற ஹாம் குழு, உலக நிலையங்களோடு பேசுவதற்காகத்தான் போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டியிருந்தது. சுனாமி தாக்கியதும் அதே செட்டுகளை வைத்துக்கொண்டு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. தன் செட்டின் முகப்பை விரல்நுனியில் வைத்திருப்பவரால்தான் அப்படி நொடியில் மாற முடியும்.

உடுமலை: மேடம், இப்போது கைபேசியில் ஓடிஜி கேபிள் போட்டே சேனல் ஏற்றலாம். கணினியே வேண்டாம்.

கேபிள் வேண்டுமே, தம்பி. அது வீட்டில் இருக்கும், நீங்கள் முகாமில் இருப்பீர்கள்.

கோபிசெட்டிபாளையம்: நான் சொன்ன பிழைக்குப் பதில் வரவில்லை. அந்த ஹேண்டி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் அனுப்பும். புதியவர் ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினால் பிறர் அலைவரிசையில் போய் விழுவார்.

மிகச் சரியான அச்சம், ஐயா. ஆனால் அந்தப் பிழை கோப்பிலும் வருகிறது, அங்கே கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கோப்பை அப்படியே ஏற்றிக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய 2 மீட்டர் பட்டை 144 முதல் 148 வரை. நம்முடையது 146-லேயே முடிந்துவிடுகிறது. அவர்கள் பொது அழைப்புக்கு வைத்திருக்கும் 146.520 நமக்கு உரிமையில்லாத இடம். 70 செ.மீ. பட்டையும் நமக்கு 434 முதல் 438 வரைதான், அவர்களின் 446.000-உம் நமக்கு வெளியே. தானே தட்டிப் பழகியவர் இந்த எண்களைத் திரையில் பார்த்ததும் நிறுத்துவார். கோப்பை மட்டும் நம்பியவர் ‘ஏழாம் சேனல்’ என்று நினைத்துப் பேசிவிடுவார். ஆகவே முதலில் கை, பிறகு கோப்பு என்ற வரிசையை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நம் வட்டாரத்துக்கே பெரிய உதவி.

பவானி: ரிப்பீட்டர் கேட்கிறது, என் குரல் போவதில்லை.

பெருந்துறைக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்; இரண்டாம் பதிவையும் டோனையும் சரிபாருங்கள்.

உடுமலை: பொள்ளாச்சி நண்பரோடு ஹேண்டியில் நேரடியாகப் பேச முடியவில்லை. அதிக வாட் உள்ள செட் வாங்கலாமா?

வாட் அல்ல, உயரம்தான் குறை. மீட்டரில் எடுத்த ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், 2 மீட்டர் பட்டை அடங்கும் வி.எச்.எஃப் அலைகளின் தொடுவானத் தொலைவு கிலோமீட்டரில் வரும். கையில் பிடித்த 1.5 மீட்டருக்கு அது ஏறத்தாழ 5 கி.மீ. தொட்டபெட்டா 2,637 மீட்டர்; கோவைச் சமவெளியின் உயரத்தைக் கழித்து 2,200 என்று வைத்தாலும் 190 கி.மீ.யைத் தாண்டும். மலை ரிப்பீட்டருக்குச் சிறிய ஹேண்டி போய்ச் சேர்வதும், அடுத்த ஊருக்குப் போகாததும் இதனால்தான். வீட்டு மாடியில் ஆன்டெனாவை உயர்த்துங்கள்.

ஈரோடு: ஐசி-7300-இல் எஃப்டி8 (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை) தொடங்க என்ன அமைப்பு?

ஒரே யுஎஸ்பி கேபிள் போதும். கனெக்டர்ஸ் மெனுவில் டேட்டா மாட் என்பதை யுஎஸ்பி ஆக்குங்கள். 40 மீட்டரில் குரலுக்கு எல்எஸ்பி (கீழ்ப்பக்கப் பட்டை) என்றாலும் எஃப்டி8-க்கு எல்லாப் பட்டையிலும் யுஎஸ்பி-டி நிலைதான் (இங்கே யுஎஸ்பி என்பது கேபிள் அல்ல, மேற்பக்கப் பட்டை), 7.074 மெகாஹெர்ட்ஸில் நில்லுங்கள். 15 நொடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்பும் முறை இது என்பதால், கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். உள்ளே போகும் ஒலி மிகுவதைக் காட்டும் ஏஎல்சி முள் அளவு மீறாதபடி கணினியின் ஒலியைக் குறையுங்கள், ஆற்றலையும் 30 வாட் அளவுக்கு இறக்குங்கள்.

தாராபுரம்: ரிப்பீட்டரில் பிறர் பேசுவது கேட்கிறது, ஆனால்…

பெருந்துறைக்கான பதில். இதே கேள்வியை இனி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பொள்ளாச்சி: தோப்பில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே 40 மீட்டர் டைபோல் (இருபக்கக் கம்பி ஆன்டெனா) கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1-க்கு சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. சற்று நீளமாக வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மரங்கள் ஆடும் என்பதால், ஒரு முனைக் கயிற்றைக் கப்பி வழியே விட்டு எடை தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் கம்பி அறுந்துவிடும். ஈர ஓலை கம்பியில் படக்கூடாது. அனுப்பும்போது டைபோலின் முனைகளில்தான் மின்னழுத்தம் மிக அதிகம். ஆகவே காய் பறிக்க ஆள் மரமேறும் நாளில் செட்டை அணைத்து, ஆன்டெனா கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் இறங்கியதை நேரில் பார்த்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.