அம்மாவின் கட்டில்

கேள்வி: எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற பிறகு ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்கிறேன். பிரெஞ்சு ஓவியர் குளோத் லோரான் 1636-ல் ரோமில் வரைந்த ‘காம்போ வாச்சினோ’ ஓவியத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கிறேன். இடிந்த தூண்கள் ஓரளவு வந்துவிட்டன. வானம் மட்டும் ஒவ்வொரு முறையும் பச்சை தட்டுகிறது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்காக அம்மாவின் அறையில் வைத்து வரைகிறேன். அவர் கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டேன். 84 வயது. பெயின்டை இளக்கும் டர்பன்டைன் நெடிக்கு இருமுகிறார், மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் எனக்கு ஓவியம் வருமா?

பதில்: வருமா வராதா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஹாலில் கிடக்கிறதே, அந்தக் கட்டிலைப் பற்றி முதலில் பேசுவோம்.

“ஒன்றும் சொல்லவில்லை” என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, வாசலுக்கு நேரே படுத்திருக்கிறார். புடவை மாற்ற வேண்டுமானால் யாராவது எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். டிவி அணைந்தால்தான் தூக்கம். இதில் இருமல் வேறு. மகன் ஆசைப்பட்டு ஒன்றைச் செய்கிறான் என்றால் அந்தத் தலைமுறை வாய் திறக்காது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது உங்கள் வசதி. வீட்டில் இடம் போதாவிட்டால் நகர வேண்டியவர் இளையவர்தான். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

நீங்கள் பிரதி எடுக்கும் அந்த மனிதர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆனாலும் அக்னேசே என்ற சிறுமியை வீட்டில் வைத்து வளர்த்தார். உடன்பிறந்தவரின் மகனையும் சேர்த்துக்கொண்டார். 1663-ல் நோயில் விழுந்து உயில் எழுதியபோது இருவருக்கும் வழிசெய்தார். அவரிடம் தூணையும் மேகத்தையும் மட்டும்தான் கற்றுக்கொள்வீர்களா?

வானம் பச்சையாவதற்குக் காரணம் உங்கள் அவசரம். அடிவானத்து மஞ்சள் காயும் முன்பே நீலத்தை இழுக்கிறீர்கள். இரண்டும் குழைந்தால் வேறென்ன ஆகும்? ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும்; தொட்டுப் பார்க்கவே சில நாள் ஆகும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும்.

டர்பன்டைன் இல்லாமலே வரையலாம். முதல் பூச்சை டியூபில் வந்தபடியே மெல்லியதாகத் தேயுங்கள். பிரஷை லின்சீடு எண்ணெயில் (ஆளிவிதை எண்ணெய்) அலசித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைத்த துணிகளை என்ன செய்கிறீர்கள் என்று எழுதவே இல்லை. லின்சீடு எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குவித்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியே காயவையுங்கள்.

படம் வைத்து வரையும் ஈசல் சட்டத்தை ஹாலுக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சம் மாறினால் மாறட்டும். நீங்கள் பிரதி எடுக்கும் படத்தில் இருப்பது ரோமானிய மன்றம், பழைய ரோமின் பொதுச் சதுக்கம்; லோரான் காலத்தில் அது மாடு மேயும் இடம். காம்போ வாச்சினோ என்றாலே அதுதான் பொருள். அதை வரைய உங்களுக்கு ஒரு தனி அறை கேட்கிறதோ!

அம்மாவின் அறையை இரண்டு நாள் திறந்துபோட்டு நெடி போகவிடுங்கள். பிறகு கட்டிலைத் தூக்குங்கள். எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். வடக்கே தலை வைக்க மாட்டேன் என்பார்; அதையாவது வாய் திறந்து சொல்லட்டும்.