பரோலா, மன்னிப்பா? மலேசியச் சிறைச் சட்டம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (செந்தூல்): மகனுக்கு 6 ஆண்டு தண்டனை, காஜாங் சிறையில் இருக்கிறான். பரோல் வாரியத்தில் யார் இருப்பார்கள், யார் நியமிக்கிறார்கள்?

பதில்: பரோல் என்றால் தண்டனையின் மீதியை நிபந்தனைகளோடு வெளியே கழிப்பது. அதை முடிவு செய்யும் வாரியத்தை நியமிப்பவர் உள்துறை அமைச்சர், அம்மா. தலைவர் சட்டத்துறைப் பின்னணி உள்ளவர். சிறைத்துறை, போலீஸ், சமூக நலத்துறை அதிகாரிகளும் உட்காருவார்கள். 1995 சிறைச் சட்டத்தை 2008-இல் திருத்தித்தான் இந்த ஏற்பாடு வந்தது. தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதில் பாதி கழிய வேண்டும். உங்கள் மகனுக்கு அது 3 ஆண்டு. சில குற்றங்களுக்குப் பரோலே கிடையாது, அதை முதலில் பாருங்கள்.

வாரியத்தின் முன் போவது பரோல் அதிகாரி தயாரிக்கும் கோப்பு. வெளியே வந்தால் எங்கே தங்குவான், வேலை என்ன, வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா என்பதெல்லாம் அதில் வரும். ஆகவே அதிகாரி விசாரிக்க வந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். நிபந்தனையை மீறினால் மீண்டும் உள்ளேதான். ‘ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்’ என்று வரும் ஏஜெண்டுக்கு ஒரு ரிங்கிட் கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (பிறை): பினாங்கு பரோல் வாரியத்துக்கு முதலமைச்சர்தானே தலைவர்?

பதில்: இல்லை தம்பி. சிறை மத்திய அரசின் பொறுப்பு. நீங்கள் சொல்வது மன்னிப்பு வாரியம், அதாவது தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ ஆலோசனை சொல்லும் வாரியம். அதிலும் அவர் உறுப்பினர்தான்.

கேள்வி (அதே பிறை நண்பர்): அப்படியானால் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறையை 6 ஆக்கியது யார்? பிரதமர்தானே?

பதில்: இதைத்தான் எல்லோரும் குழப்புகிறார்கள். அது கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசத்தின் மன்னிப்பு வாரியம். 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அபராதமும் 21 கோடி ரிங்கிட்டிலிருந்து 5 கோடியானது. அரசியலமைப்பின் 42ஆம் பிரிவைப் படியுங்கள்: கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மாமன்னர், மாநிலங்களில் சுல்தான் அல்லது ஆளுநர். சட்டத்துறைத் தலைவர் ஓர் உறுப்பினர்; அவரது எழுத்துக் கருத்தைப் பரிசீலித்த பிறகே வாரியம் ஆலோசனை சொல்ல முடியும். இன்னோர் உறுப்பினர், மாநிலத்தில் முதலமைச்சர் அல்லது மந்திரி பெசார் (அதே பதவிதான், சுல்தான் உள்ள மாநிலங்களில் பெயர் வேறு), கோலாலம்பூருக்குக் கூட்டரசுப் பிரதேச அமைச்சர். இவர்களோடு மூவர் வரை நியமனம், மூன்றாண்டுக்கு. எம்.பி.யையோ சட்டமன்ற உறுப்பினரையோ அந்த மூவரில் போட முடியாது. பிரதமருக்கு அங்கே நாற்காலி இல்லை.

கேள்வி (பிறை, மூன்றாம் முறை): சட்டத்துறைத் தலைவரைப் பிரதமர் ஆலோசனையில்தானே நியமிக்கிறார்கள்? சுற்றி வளைத்து அவர்தானே!

பதில்: நியமனத்தில் அவர் கை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நியமனத்தில் கை இருப்பது வேறு, மன்னிப்பு அவர் முடிவு என்பது வேறு. சிறைத் தண்டனையில் இருந்த அன்வார் இப்ராஹிமுக்கு 2018-இல் கிடைத்தது முழு மன்னிப்பு, நஜிப்புக்குத் தண்டனைக் குறைப்பு. இரண்டிலும் பரோல் வாரியத்துக்கு வேலையே இல்லை. போதும் தம்பி, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (கிள்ளான்): பரோலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: செந்தூல் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பதுதானே பரோல்?

பதில்: இல்லை. அந்தக் கழிவு சிறைத்துறை கணக்கு. அதற்கு வாரியமே தேவையில்லை.

கேள்வி (ஈப்போ): அண்ணன் சோஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில், தீர்ப்பு வராமல் உள்ளே. பரோல் கிடைக்குமா? தெரிந்த ஒருவர் 5,000 ரிங்கிட் கேட்கிறார்.

பதில்: தண்டனையே விதிக்காத ஆளுக்குப் பரோல் ஏது? அந்தப் பணத்தோடு நல்ல கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள், அந்த ‘தெரிந்தவரை’ அல்ல.